ஃபில்டர் வாங்கும் முன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே செய்து பார்க்க விரும்பும் வேலைகளில் ஒன்று, வீட்டில் இருக்கும் வீடியோ கேமராவை அதனுடன் இணைத்து, எடுத்த படங்களைப் பெரிய திரையில் பார்ப்பது. கேமராவின் சின்னத் திரையில் பளிச்சென்று தெரிந்த படம், மானிட்டரில் மங்கலாகவும் வெளிறியும் இருப்பது அப்போதுதான் கண்ணில் படும். உடனே கேமராவைக் குறை சொல்வோம். பல நேரங்களில் குறை கேமராவில் இல்லை. லென்ஸின் முன்னால் திருகி வைத்திருக்கும் கண்ணாடியில் இருக்கிறது. "இதையும் போட்டுக்கோங்க சார், லென்ஸுக்குப் பாதுகாப்பு" என்று கேமராவோடு கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த ஃபில்டர்தான் அது.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். கேமரா எனக்குத் தொழில் அல்ல. ஆனால் ஆழ்வார்பேட்டையில் எங்கள் தெருவில் யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, அரங்கேற்றம் என்றாலும் "கம்ப்யூட்டர் தெரிந்த பையன்" என்று வீடியோவை எடிட் செய்ய என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அப்படிப் பார்த்த படங்களிலிருந்து ஃபில்டர் விஷயத்தில் ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் பிறகு செய்துகொள்ள முடிகிற வேலைக்கு ஃபில்டர் வாங்காதீர்கள். கம்ப்யூட்டரால் முடியாத வேலைக்கு வாங்குங்கள், அதை மட்டும் நல்ல தரத்தில் வாங்குங்கள். ஏன் அப்படி, தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பார்ப்போம்.

கம்ப்யூட்டர் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

பிலிம் காலத்தில் ஒளிப்பதிவாளர்களின் பெட்டியில் வண்ண ஃபில்டர்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஸ்டூடியோ விளக்குக்காகத் தயாரித்த பிலிமை வெயிலில் பயன்படுத்தினால் படம் நீலம் பாய்ந்துவிடும். அதைச் சரிசெய்ய '85' என்ற எண் கொண்ட ஆரஞ்சு நிற ஃபில்டரை மாட்டுவார்கள். இன்று அந்த வேலையைக் கேமராவில் உள்ள ஒயிட் பேலன்ஸ் செய்துவிடுகிறது. எங்கள் ஆழ்வார்பேட்டைக்காரரான கமல்ஹாசன் தயாரித்து 2005 ஏப்ரலில் வெளிவந்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' பிலிமில் அல்லாமல் டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்ட படம். அதற்குப் பிறகு தமிழ் சினிமாவே மெல்ல மெல்ல டிஜிட்டலுக்கு வந்துவிட்டது. வண்ணம் சேர்ப்பது, குறைப்பது, பழைய படம்போல் பழுப்பாக்குவது எல்லாம் இப்போது எடிட்டிங் மேஜையில் நடக்கும் வேலைகள். உங்கள் கம்ப்யூட்டரிலும் இதைச் செய்யலாம். ஷாட்கட் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும்.

ஆகவே ஆரஞ்சு, நீலம், சேபியா ஃபில்டர்கள் வேண்டாம். விளக்குகளை நட்சத்திரமாக்கும் ஸ்டார் ஃபில்டரும் முகத்தை மென்மையாக்கும் சாஃப்ட் ஃபில்டரும் வேண்டாம். எட்டு ஃபில்டர்கள் ஒரே பெட்டியில், விலையும் மலிவு என்று விற்கிறார்களே, அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் இவைதான். தவிர, ஃபில்டர் போட்டு எடுத்த ஆரஞ்சு நிறம் பிடிக்கவில்லை என்றால் அதை நீக்குவது பெரிய தலைவலி. ஃபில்டர் இல்லாமல் எடுத்ததில் ஆரஞ்சைச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை.

இனி கம்ப்யூட்டரால் முடியாதவை. சாதாரண வீடியோ ஃபைலில் ஒவ்வொரு புள்ளியின் பிரகாசமும் 0 முதல் 255 வரை உள்ள ஓர் எண்ணாகப் பதிவாகிறது. வெயிலில் வெள்ளை வேட்டி மிகையாக வெளிச்சம் வாங்கினால் அந்த எண் 255-ல் முட்டி நின்றுவிடும். வேட்டியின் மடிப்புகள் எல்லாம் ஒரே 255. இல்லாத மடிப்பை எந்த சாஃப்ட்வேரும் கொண்டுவர முடியாது. அதேபோல், கபாலீஸ்வரர் கோவில் குளத்து நீரில் வானத்தின் பளபளப்பு அடித்து நீருக்குள் இருக்கும் மீன் தெரியவில்லை என்றால், மீன் பதிவாகவே இல்லை என்று பொருள். மூன்றாவது விஷயம், மோசமான ஃபில்டர் உண்டாக்கும் பேய்ப் பிம்பம். இது என் குடும்பத்திலேயே நடந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாத்தாவின் முகத்தில் ஒரு பச்சைப் பொட்டு

2012-ல் என் தாத்தாவுக்குச் சதாபிஷேகம் நடந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா புதிதாக வாங்கிய ஹேண்டிகேமில் முழுவதையும் எடுத்தார். கலசத் தீர்த்தத்தைத் தாத்தா தலையில் ஊற்றும் நேரம், எதிரே போட்டோகிராபர் பிடித்திருந்த ஹாலோஜன் விளக்கு படத்தின் வலது மேல் மூலையில் விழுந்தது. அதற்கு நேர் எதிரான இடது கீழ்ப் பகுதியில், சரியாகத் தாத்தாவின் முகத்தின் மேல், அந்த விளக்கின் வடிவத்திலேயே பச்சையாக ஒரு பொட்டு. பெரியப்பா கேமராவை அசைக்கும்போதெல்லாம் அந்தப் பொட்டும் நகர்கிறது. சுமார் நான்கு நிமிடங்கள்.

2016-ல் தாத்தா காலமானார். அவர் சிரித்துப் பேசும் வீடியோ எங்களிடம் வேறு எதுவும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்து சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பாட்டி என்னிடம் கேட்ட முதல் காரியம், "தாத்தா மூஞ்சில இருக்கிற அந்தப் பச்சையைத் துடைச்சுக் குடுடா கண்ணா" என்பதுதான்.

நம் நாட்டு வீடியோ ஒரு விநாடிக்கு 25 ஃபிரேம்கள். நான்கு நிமிடங்களுக்கு 6000 படங்கள். பொட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கிறது, தண்ணீரும் ஓடுகிறது, முகமும் அசைகிறது. மூன்று வாரம் இரவுகளில் உட்கார்ந்து பார்த்தேன். இப்போது செயற்கை நுண்ணறிவு மூலம் வேண்டாததை அழிக்கும் சாஃப்ட்வேர்கள் வந்துவிட்டன. அவற்றையும் முயன்றேன். பொட்டு போய்விடுகிறது. ஆனால் அதற்குக் கீழே என்ன இருந்தது என்று அந்த சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அதுவாக ஒரு கன்னத்தையும் கண்ணையும் ஊகித்து வரைகிறது. பாட்டி பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்றார். பச்சைப் பொட்டுடன் இருக்கும் ஃபைலைத்தான் இப்போதும் வைத்திருக்கிறோம்.

பெரியப்பாவின் கேமராவும் அந்த ஃபில்டரும் இன்னும் வேலை செய்யும் நிலையில்தான் இருக்கின்றன. இருட்டறையில் மொபைலின் டார்ச்சை ஒரு மூலையில் வைத்து எடுத்துப் பார்த்தேன். ஃபில்டர் இருந்தால் எதிர் மூலையில் பொட்டு வருகிறது. ஃபில்டரைக் கழற்றினால் காணவில்லை. லென்ஸ் வழியாக உள்ளே போன வெளிச்சத்தில் ஒரு பகுதி சென்சாரில் பட்டுத் திரும்பி வந்து, ஃபில்டரின் தட்டையான பின்பக்கத்தில் மோதி, மறுபடி உள்ளே போகிறது. அதனால்தான் பிம்பம் படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் தலைகீழாக விழுகிறது.

தரம் எங்கே இருக்கிறது?

கோட்டிங் இல்லாத கண்ணாடி, அதன் ஒவ்வொரு பரப்பிலும் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஒரு ஃபில்டருக்கு இரண்டு பரப்புகள், ஆக 8 சதவீதம். இரண்டு ஃபில்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினால் நான்கு பரப்புகள். 15 சதவீதம் போய்விடும். இழந்த வெளிச்சத்தைப் பற்றிக் கவலை இல்லை. அது உள்ளுக்குள்ளேயே எதிரொலித்துக் கறுப்பைச் சாம்பலாக்குவதும் பேய்ப் பிம்பம் போடுவதும்தான் பிரச்சினை. மல்ட்டி கோட்டிங் என்பது பல மெல்லிய படலங்களைக் கண்ணாடியின் மேல் பூசி இந்த எதிரொலிப்பை அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரும் முறை. ஃபில்டருக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான். கொடுக்கலாம்.

அடுத்தது கண்ணாடியின் தட்டைத்தன்மை. இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று இணையாக, அலை இல்லாமல் இருக்க வேண்டும். ஜூமைக் குறைத்து எடுக்கும்போது இந்தக் குறை தெரியாது. முழு ஜூமில் மேடையில் இருப்பவரின் முகத்தை எடுக்கும்போது எவ்வளவு ஃபோகஸ் செய்தாலும் கூர்மை வராது. "ஜூம் பண்ணா கிளியரா இல்லை" என்று கேமராவைத் திட்டுபவர்கள் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது வளையம். அலுமினிய வளையங்கள் லென்ஸின் மரையில் இறுகிப் பிடித்துக்கொள்வதுண்டு. பித்தளை வளையம் அவ்வளவு எளிதில் பிடிக்காது, ஆனால் விலை அதிகம். வளையத்துக்காக மட்டும் அதிகப் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிராண்டுகளைப் பொறுத்தவரை ஜெர்மனியின் பி பிளஸ் டபிள்யூ, ஜப்பானின் ஹோயா, அமெரிக்காவின் டிஃபென் ஆகியவை பழைய, பெயர் பெற்ற கம்பெனிகள். டிஃபென் 1938-லும் பி பிளஸ் டபிள்யூ 1947-லும் தொடங்கப்பட்டவை. ஆனால் ஒரே கம்பெனி கோட்டிங் இல்லாத மலிவு ரகத்தையும் மல்ட்டி கோட்டிங் ரகத்தையும் சேர்த்தே விற்கும். பெயர் பெற்றவற்றுக்குப் போலிகளும் உண்டு. எனவே அட்டைப்பெட்டியை விடக் கண்ணாடியைப் பார்ப்பது நல்லது.

கடையில் நின்றபடியே

சென்னையில் கேமரா சாமான்களுக்கு வாலாஜா ரோடு, எல்லிஸ் ரோடு பக்கம் போகலாம். இணையத்தில் வாங்குவதை விட இங்கே நேரில் வாங்குவதையே நான் விரும்புகிறேன். கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் காரணம்.

ஃபில்டரைச் சாய்த்துப் பிடித்து, கடையின் டியூப்லைட் அதில் பிரதிபலிப்பதைப் பாருங்கள். டியூப்லைட் வெள்ளையாக, பளிச்சென்று தெரிந்தால் கோட்டிங் இல்லை. மங்கலாக, பச்சை அல்லது ஊதா சாயலில் தெரிந்தால் மல்ட்டி கோட்டிங் இருக்கிறது. இரண்டு ஃபில்டர்களை அருகருகே பிடித்தால் வித்தியாசம் குழந்தைக்கும் புரியும். பிறகு கையை நீட்டிப் பிடித்து, கண்ணாடி வழியாக ஷட்டர் கம்பியையோ ஜன்னல் சட்டத்தையோ பார்த்துக்கொண்டே ஃபில்டரைச் சுழற்றுங்கள். நேர்கோடு நெளிந்தால் வேண்டாம். கடைசியாக வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். யூவி ஃபில்டர் என்றால் தாளின் நிறம் மாறக்கூடாது.

யூவி ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பிலிம் காலத்தில் ஊட்டி போன்ற மலைகளில் நீலப் புகைமூட்டம் படத்தில் விழாமல் இருக்க அது உதவியது. இன்றைய வீடியோ கேமராக்களில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஏற்பாடு சென்சாருக்கு முன்னாலேயே இருக்கிறது. ஆகவே இப்போது அது வெறும் பாதுகாப்புக் கண்ணாடிதான். மெரினாவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் உப்புக்காற்றும் மணலும் அடிக்கும் இடத்தில் கட்டாயம் மாட்டுங்கள். மஞ்சள் நீர் விளையாட்டுக்கும் மாட்டுங்கள். குத்துவிளக்கு, ஹோமம், மேடை விளக்கு இருக்கும் இடத்தில் கழற்றிப் பையில் வையுங்கள். ஆரத்தி நேரத்தில் லென்ஸில் ஒன்றும் வந்து மோதப்போவதில்லை.

மானிட்டரே சோதனைக் கருவி

வாங்கத் தகுந்த ஃபில்டர்களில் முதலாவது போலரைசர். வெளிச்சம் அலை என்பது பள்ளியில் படித்திருப்பீர்கள். நீர், இலை, கண்ணாடி ஆகியவற்றில் பட்டு எதிரொலிக்கும்போது அந்த அலைகள் பெருமளவு ஒரே திசையில் அசையத் தொடங்கும். போலரைசர் அந்தத் திசை அலைகளை மட்டும் தடுத்து பளபளப்பை நீக்குகிறது. நாகேஸ்வர ராவ் பூங்காவின் செடிகளை மதிய வெயிலில் எடுத்தால் இலைகள் வெள்ளை பூசியதுபோல் இருக்கும். போலரைசரைச் சுழற்றினால் பச்சை வெளியே வரும். உலோகத்தின் பளபளப்பை இது அப்படிக் குறைக்காது. பித்தளைக் குடத்தில் பரிசோதித்து ஏமாற வேண்டாம்.

வானத்தின் நீலத்தையும் இது ஆழமாக்கும், ஆனால் சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் பகுதியில்தான் அதிகம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்நேரம் சுற்றிலும் அடிவானம்தான் செங்கோணம். ஊட்டியில் எடுத்த காலண்டர் படம்போல் தலைக்கு மேலே கருநீலம் வரவில்லையே என்றால் ஃபில்டர் மேல் தவறில்லை. காலையிலோ மாலையிலோ எடுங்கள். பஸ், கார் கண்ணாடி வழியாக எடுக்கும்போது மட்டும் இதைக் கழற்றிவிடுங்கள்; கண்ணாடியில் கோலம் போட்டதுபோல் திட்டுத் திட்டாகத் தெரியும்.

போலரைசர் நல்லதா என்று பார்க்க உங்கள் எல்சிடி மானிட்டரே போதும். எல்சிடி திரையிலிருந்து வரும் வெளிச்சம் ஏற்கெனவே ஒரே திசையில் அசைவது. நோட்பேட் போன்ற வெள்ளைத் திரையைத் திறந்து வையுங்கள். மரை உள்ள பக்கம் உங்கள் கண்ணை நோக்கி இருக்குமாறு ஃபில்டரைப் பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பாக வேண்டும். கறுக்காமல் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் படலம் மட்டமானது. இப்போது ஃபில்டரைத் திருப்பி, மரை திரையை நோக்கி இருக்குமாறு பிடித்துச் சுழற்றுங்கள். திரை கறுக்காமல் நிறம் மட்டும் நீலத்துக்கும் மஞ்சளுக்குமாக மாறினால் அது சர்க்குலர் வகை. இரண்டு பக்கமும் கறுத்தால் லீனியர் வகை. சில கேமராக்களின் உள்ளே இருக்கும் ஒளி பிரிக்கும் பகுதிகளோடு லீனியர் ஒத்துப்போகாது. சர்க்குலர் எல்லாவற்றுக்கும் பொருந்தும், அதையே வாங்குங்கள். கடையில் மானிட்டர் இல்லாவிட்டால் பில் போடும் கம்ப்யூட்டர் இருக்கும், அதன் முன்னால் பிடித்துப் பார்க்கலாம். கடைக்காரர்கள் இதைத் தடுத்து நான் பார்த்ததில்லை, வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

வீடியோவுக்கு உண்மையில் தேவையானது

இரண்டாவது என்டி ஃபில்டர். பெயர் நியூட்ரல் டென்சிட்டி. நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் சாம்பல் கண்ணாடி. போட்டோ எடுப்பவருக்கு இது எப்போதாவது தேவைப்படும். வீடியோ எடுப்பவருக்கு நம் ஊர் வெயிலில் தினமும் தேவைப்படும்.

காரணம் ஷட்டர். விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தால் அசைவு இயல்பாகத் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் துடிப்பும் தெரியாது. வெயிலில் வெளிச்சம் அதிகமாகும்போது ஆட்டோவில் இருக்கும் கேமரா ஷட்டரை 1/1000 வரை கொண்டுபோய்விடும். அப்போது தவில் வாசிப்பவரின் கை வெட்டி வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் ஊர்வலத்தை மொட்டை மாடியிலிருந்து எடுத்த எத்தனையோ வீடியோக்களில் இந்த வெட்டலைப் பார்க்கலாம். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்ய நினைத்தால் அதுவும் ஊகம்தான்.

ஷட்டரை விட்டுவிட்டு அப்பர்ச்சரை மூடினால் என்ன என்று கேட்கலாம். எஃப் 11 வரை மூடினால் லென்ஸ் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே காட்டாது. ஒளி வளைவதால் அது சுமார் 15 மைக்ரான் அகல வட்டமாகிவிடும். ஹேண்டிகேமின் சின்ன சென்சாரில் ஒரு பிக்சல் அதில் சில மைக்ரான்தான். படம் மசமசவென்று ஆகிவிடும். அப்பர்ச்சரை எஃப் 4 அளவில் வைத்து என்டி போடுவதே சரி.

எவ்வளவு என்டி? ஐஎஸ்ஓ 100-ல் நல்ல வெயிலுக்கு எஃப் 16, 1/100 விநாடி என்பது பழைய கணக்கு. 1/50, எஃப் 4 என்று வைத்தால் ஐந்து ஸ்டாப் அதிகமாகிறது. ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் பாதியாவது. என்டி 2 ஒரு ஸ்டாப், என்டி 4 இரண்டு, என்டி 8 மூன்று, என்டி 16 நான்கு, என்டி 32 ஐந்து, என்டி 64 ஆறு. ரேம் வாங்கும்போது பார்த்த அதே எண்கள்தான், கம்ப்யூட்டர்காரர்களுக்கு மனப்பாடம். சில கம்பெனிகள் இதையே 0.3, 0.6, 0.9 என்று எழுதும். ஒவ்வொரு 0.3-ம் ஒரு ஸ்டாப். 0.9 என்பதைப் பார்த்து ஒன்றுக்கும் குறைவாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அது என்டி 8.

வாங்கும் முன் கேமராவின் கையேட்டைப் பாருங்கள். கல்யாண வீடியோக்காரர்கள் ஒரு காலத்தில் தோளில் வைத்துக்கொண்டு திரிந்த சோனி பிடி170-லும் பானாசோனிக் டிவிஎக்ஸ்100-லும் என்டி உள்ளேயே இருக்கும். உங்களுடையதிலும் இருந்தால் அந்தப் பணம் மிச்சம். இல்லையென்றால் மிர்ரர்லெஸ் கேமராவுக்கு என்டி 8 ஒன்றும் என்டி 64 ஒன்றும் போதும். ஹேண்டிகேமுக்கு என்டி 32 ஒன்றே போதும்.

திருகினால் 2 முதல் 400 வரை மாறும் வேரியபிள் என்டி கவர்ச்சியானது. உள்ளே இரண்டு போலரைசர்கள்தான் இருக்கின்றன. மலிவானவற்றில் கடைசி அளவுக்குத் திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோல் கறுப்பு நிழல் விழும். நல்லதாக வாங்கி, நடு அளவோடு நிறுத்திக்கொள்பவர்களுக்குச் சரி. அவசரமாக எடுக்கும் குடும்ப விழாவுக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை.

என்டியில் இன்னொரு மறைவான குறை உண்டு. மலிவானவை கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, தெரியாத அகச்சிவப்பை அப்படியே உள்ளே விடும். கறுப்புப் பாலியெஸ்டர் துணி மட்டும் கருஞ்சிவப்பாகப் பதிவாகும், பக்கத்தில் இருக்கும் கறுப்புக் குடை கறுப்பாகவே இருக்கும். மொத்தமாக ஒரே சாயல் என்றால் எடிட்டிங்கில் திருத்திவிடலாம். துணிக்குத் துணி மாறும் சாயலைத் திருத்த முடியாது. இதற்கு டிவி ரிமோட் போதும். என்டி மாட்டிய கேமராவின் முன் ரிமோட்டை நீட்டிப் பட்டனை அழுத்துங்கள். மற்றதெல்லாம் இருண்டிருக்க, ரிமோட்டின் நுனி மட்டும் என்டி இல்லாமல் தெரிந்த அதே பிரகாசத்தில் மின்னினால் அந்த ஃபில்டர் அகச்சிவப்பை விடுகிறது.

வீட்டில் கம்ப்யூட்டரில் சோதிப்பது

வாங்கி வந்ததும், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் இதைச் செய்யுங்கள். வரி விளம்பரங்கள் உள்ள செய்தித்தாள் பக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை ஸ்டாண்டிலோ, அசையாத மேஜையிலோ வையுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் ஆட்டோவிலிருந்து மாற்றி நிலையாக வையுங்கள். இல்லையென்றால் கேமரா தானாகச் சரிசெய்துகொண்டு ஃபில்டரின் குறையை மறைத்துவிடும். முழு ஜூமில் ஃபில்டர் இல்லாமல் பத்து விநாடி, மாட்டிப் பத்து விநாடி எடுங்கள். என்டி என்றால் அப்பர்ச்சரைத் தொடாமல் ஷட்டரை மட்டும் மாற்றுங்கள்: என்டி 8-உடன் 1/50, அது இல்லாமல் 1/400.

ஃபைல்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி விஎல்சி பிளேயரில் திறந்திடுங்கள். படத்தை நிறுத்திவிட்டு ஷிஃப்ட் கீயுடன் எஸ் கீயை அழுத்தினால் அந்த ஃபிரேம் தனிப் படமாகப் பிக்சர்ஸ் ஃபோல்டரில் பதிவாகும். ஈ கீயை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். இரண்டு வீடியோவிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்து, கிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரில் திறந்து, 100 சதவீத அளவில் அருகருகே வையுங்கள். எழுத்துகளின் ஓரம் ஒரே மாதிரி இருந்தால் கண்ணாடி தட்டையானது. செய்தித்தாளுக்குப் பதில் வெள்ளைத் தாளையும் இதேபோல் எடுங்கள். கிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் இன்ஃபோ, அதில் ஹிஸ்டோகிராம் சென்றால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் சராசரி எண், அதாவது மீன் தெரியும். உதாரணமாக ஃபில்டர் இல்லாமல் 180, 180, 178 என்று இருந்து, மாட்டியபின் 172, 172, 170 என்றால் வெளிச்சம் மட்டும் சற்றுக் குறைந்திருக்கிறது, நல்லது. 180, 168, 155 என்றால் பழுப்பு ஏறுகிறது. லேசான சாயலைப் பொறுத்துக்கொள்ளலாம், எடிட்டிங்கில் போய்விடும்.

இதன் பிறகு இருட்டறையும் டார்ச்சும். நான் எந்த ஃபில்டரையும் இந்தச் சோதனையில்தான் இறுதியாக முடிவு செய்கிறேன். கறுப்புத் துணியைப் பின்னால் தொங்கவிட்டு, டார்ச்சை ஒரு மூலையில் வைத்து, கேமராவை மெதுவாக இடம் வலம் அசைத்து எடுங்கள். எதிர் மூலையில் எதுவும் எதிர்த்திசையில் நகர்கிறதா என்று பெரிய திரையில் பாருங்கள். நல்ல மல்ட்டி கோட்டிங்கிலும் மிக மங்கலாக ஏதாவது தெரியலாம். தேடினால்தான் தெரிகிறது என்றால் வைத்துக்கொள்ளலாம். தேடாமலே தெரிந்தால் அடுத்த நாளே கடைக்குப் போங்கள்.

அளவு விஷயம் சுலபம். லென்ஸின் முன்பக்க வளையத்தில், குறுக்கே கோடு போட்ட ஒரு வட்டமும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். ஹேண்டிகேம்களில் 30 மி.மீ., 37 மி.மீ. அதிகம். வீட்டில் இரண்டு கேமரா இருந்தால் பெரிய லென்ஸின் அளவுக்கு ஃபில்டர் வாங்கி, சின்னதுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளலாம். ரிங் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் அதைப் போட்டால் லென்ஸ் ஹூட் மாட்ட முடியாமல் போகலாம்.

துடைக்கும்போது முதலில் ஊதும் பலூனால் தூசியை விரட்டிவிட்டுப் பிறகு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். வேட்டி நுனி, துப்பட்டா எதுவும் கூடாது. சென்னை ஈரத்துக்குக் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். சோதனைக்கு எடுத்த வீடியோக்களை அழிக்காமல், ஃபில்டரின் பெயரிலும் தேதியிலும் ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருங்கள். அடுத்த ஆண்டு அதே செய்தித்தாள் சோதனையைச் செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோட்டிங் தேய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.